எருமைகள் குறுக்கிடும் இடம்

“சாதாரண எருமையா அது? எமனே ஏறிண்டு வரலாம், அவ்வளவு பெரிசு!”

தாராவியில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் வாசலில் நின்று அனந்தகிருஷ்ணன் கத்திக்கொண்டிருந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் டைப் அடித்த பெட்டிஷன். கார்பன் வைத்து மூன்று காப்பி.

மாதுங்காவில் ‘பெட்டிஷன் மாமா’ என்றால்தான் அவரைத் தெரியும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் பெட்டிஷன், மாடி வீட்டு ரேடியோ அலறினால் பெட்டிஷன். இந்தத் தடவை அவர் கோபம் எருமை மேல்.

போன மாதம் அடைமழையில் கார் ஓட்டிக்கொண்டு போனபோது, இதே சந்து முனையில் ஓர் எருமை குறுக்கே வந்து அடிபட்டதாம். எருமையை இடித்த தோஷத்துக்கு மனைவி அபயாம்பாள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டாள். மாமாவின் கோபம் தேங்காயோடு போகிற கோபமா?

வண்டி ஓட்டுகிறவர்களை எச்சரித்து அங்கே ஒரு போர்டு வைக்க வேண்டும் என்று வார்டு ஆபீஸுக்கு எழுதினார். உள்ளூர் ஆட்கள் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் மனிதர் இந்த நாற்றத்தில் வந்து நிற்கிறார்.

“போர்டு வச்சா எருமை படிக்குமா சார்?” என்றார் ஷாப் மேஸ்திரி ஜோசப்ராஜ்.

“எருமைக்கில்லை ஓய், டிரைவருக்கு! இந்த இடத்துல எருமை வரும், மெதுவாப் போன்னு எழுதணும்.”

“இங்க எருமை உசுரோட வராது சார். பாந்த்ரா கசாப்புலேருந்து தோலாத்தான் வரும். பால்கார பய்யாமாரு எருமை கட்டியிருக்கிற பக்கம் போயிக் கேளுங்க.”

“அப்போ நான் பொய் சொல்றேனா? பம்பர் நசுங்கிப் போயிடுத்து. அதுல கறுப்பு ரோமம் ஒட்டிண்டிருந்தது. என் கையாலதான் கழுவினேன்!”

குடையைத் தரையில் ஓங்கிக் குத்தினார். “ஆவணியில என் பொண்ணைப் பிரசவத்துக்கு இந்த ரோடு வழியாத்தான் அழைச்சிண்டு போகணும். இன்னொரு சனியன் குறுக்க வந்து விழுந்தா தாயும் போவா, பிள்ளையும் போகும். உங்களுக்கென்ன வந்தது?”

அவர் கோபத்துக்கு அடியில் பெற்ற மனத்தின் பயம் இருந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியிருந்ததால் சரக்கு லாரி முனையிலேயே நின்றுவிட்டது. கூலியாள் ஒருவர் ஈரத் தோலைத் தலைவழியே போட்டு, குனிந்தபடி அவரை உரசிக்கொண்டு உள்ளே போனார். அனந்தகிருஷ்ணன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுபடி திரும்பியபோது எதிரே ஒரு பெண் நின்றாள். தோலுக்கு உப்புப் போடுகிற இருதயமேரி. இவ்வளவு நேரமும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள்.

“என்னைக்கு சார் அடிபட்டுச்சு?”

“இருபத்தாறு, ஆறு, அறுபத்துநாலு. வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறேகால். எல்லாம் இதுல இருக்கு.”

“வண்டிய நிறுத்துனீயளா?”

“நன்னாயிருக்கே! மாட்டை இடிச்சுட்டு நின்னா கூட்டமா வந்து மனுஷனை அடிப்பா. பம்பாய்ல இருந்துண்டு இது தெரியாதா?”

“திரும்பியாவது பாத்தீயளா?”

“கண்ணாடியில பாத்தேன். எழுந்திருக்கப் பாத்தது, முடியலை. கத்தித்து. அந்த மழையில என்ன கேக்கும்? நன்னா வேணும்! ரோட்டைப் பாத்து நடக்கத் தெரியாத ஜந்து!”

ஜோசப்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி அவரை அடக்கினாள்.

“அந்தக் காயிதத்தக் குடுங்க.”

அப்பாடா, முதல் கையெழுத்து விழப்போகிறது என்று அனந்தகிருஷ்ணன் நீட்டினார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. காகிதத்தின் அடியில் மை காய்ந்திருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“இது உங்க கையெழுத்தா?”

“என் கையெழுத்து, என் அட்ரஸ், என் கார் நம்பர். நான் எதையும் ஒளிச்சு மறைச்சுப் பண்றவன் இல்லை!”

அவள் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையில் கத்தியும் வாளியுமாக ஒவ்வொருவராக வந்து அவரைச் சுற்றி நின்றார்கள்.

அனந்தகிருஷ்ணன் எண்ணிப் பார்த்தார். பதினொரு பேர். அன்று காலையிலிருந்து முதல் முறையாக அவர் முகத்தில் கோபம் தணிந்தது.

“வாங்கோ, வாங்கோ. ஒவ்வொருத்தரா போடுங்கோ,” என்று அடுத்த காப்பியை எடுத்துப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

பேனாவை யாரும் வாங்கவில்லை. இருதயமேரி ஓர் அடி முன்னால் வந்தாள்.

“அது எருமை இல்ல சார். தோலு சொமந்துட்டு வந்த எம் புருசன்.”