பாலைவனத்துக்கு மணல்

கடைசிக் கூடை மணலையும் அவள் பெட்டிக்குள் கொட்டினாள்.

இப்போது அது பாலைவனம்.

நீளமான மரப்பெட்டி. நேற்றுச் சாயங்காலம் கடற்கரையில் அள்ளிய மணல். அடியில் இன்னும் ஈரம். பாலைவனத்தை அவள் நூலகப் புத்தகங்களில்தான் பார்த்திருக்கிறாள். அங்கே மணல் நடக்கும் என்று ஏதோ ஒன்றில் வாசித்த ஞாபகம்.

மோசேயை நட்டுவைத்தாள். வெள்ளைத் துணி சுற்றிய துணிக் கிளிப். அவருக்குப் பின்னால், பாலைவனத்தைக் கடக்க இன்னும் பல கிளிப்புகள். மக்கள்.

சுவரோரம் பீடம். முழங்கால் உயரம். பழைய துப்பட்டாவில் கிழித்த பீடத்துணி. பிள்ளைகளின் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பூசைக் கிண்ணம். பாயில், வலை மிதவைகளை வெட்டிச் செய்த ஆடுகள். ஒன்றுக்கு மட்டும் காது பெரிதாகி நாய்போல் ஆகிவிட்டது.

இருக்கட்டும். மேய்ப்பனுக்கு நாயும் வேண்டும்தானே.

பெரிய கோயிலில் பிள்ளைகள் கேட்கிற சொல் ஒன்றுதான். தொடாதே.

இங்கே எல்லாவற்றையும் தொடலாம்.

ஆனால் அறை இன்னும் அவளுடையது இல்லை. திருவிழா நாற்காலிகள் அடுக்கிவைக்கிற அறை. பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்ல, பங்குச் சாமியார் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தந்திருக்கிறார். பிள்ளைகள் அமைதியாக இருந்தால் அறை அவர்களுக்கு. இல்லையென்றால் நாற்காலிகளுக்கு.

பார்த்துச் சொல்ல வேண்டியவர் கோயில்பிள்ளை வாஸ். பீடத்துக்குத் திரி ஏற்றுவதும் மணி அடிப்பதும் அவர்தான். கோயில் சாவிகள் அத்தனையும் அவர் இடுப்பில்.

காலையில் வாசலில் நின்று பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"நம்ம பிள்ளையளா? அமைதியாவா? பூசையில மணி அடிக்கேன், எனக்கே கேக்க மாட்டேங்கு. பயலுவ நாற்காலியோட வெளிய நிப்பானுவ, என்ன. முடிஞ்சதும் உள்ள ஏத்திருவோம்."

பூசை முடிந்தது.

வந்தார்கள்.

முதலில் ஜெர்லின். வயது ஆறு. அவள் அம்மா துறையில் மீன் ஏலம் விடுகிறவள். குரல் அப்படியே மகளுக்கும் வந்திருந்தது.

"எல்லாத்தையும் தொடலாமாக்கா? நெசமாவா?"

"நிஜமாத்தான்."

தொட்டார்கள்.

ஆடுகள் பறந்தன. பூசைக் கிண்ணத்துக்கு இருவர் இழுத்தார்கள். நாய் ஆட்டுக்கு மூவர். மக்களில் பாதிப்பேர் யாருடைய சட்டையிலோ காதிலோ மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் பெட்டியருகே மண்டியிட்டுக் கதையைத் தொடங்கினாள். இது பாலைவனம். இங்கே தண்ணீரே கிடையாது.

ஜெர்லின் மணலுக்குள் விரலை விட்டாள்.

"ஈரமா இருக்கே. இன்னுங் கொஞ்சம் தோண்டுனா ஊறிருமே."

"பாலைவனத்துல ஏங்க்கா கருவாட்டு வாடை அடிக்கி?"

"எக்கா, சிப்பி!"

சிரிப்பு கூரையில் முட்டித் திரும்பியது. அமைதி, அமைதி என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வெளியே நாற்காலிகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு முன்னால் சாவிகளின் சத்தம் வந்துகொண்டிருந்தது.

கிண்கிண். கிண்கிண்.

அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

அப்போது மணல் நடந்தது.

மோசேக்கு முன்னால் ஒரு சிறு மேடு எழும்பியது. உடைந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள் நிமிர்ந்து நின்றன.

பொடி நண்டு. மணலின் நிறத்திலேயே.

ஜெர்லின் விரலை உதட்டில் வைத்தாள்.

எல்லாம் நின்றது.

கரையில் வளர்கிற பிள்ளைகள். நண்டுக்கு முன்னால் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையை மடியில் வைக்க வேண்டும். மூச்சைச் சின்னதாக்க வேண்டும்.

ஒருவர் பின் ஒருவராகப் பெட்டியைச் சுற்றி மண்டியிட்டார்கள்.

கதவு திறந்தது. நண்டின் கண்கள் மணலுக்குள் போயின. பிள்ளைகள் அசையவில்லை. அந்தச் சின்னக் குழியையே பார்த்திருந்தார்கள்.

வாஸ் வாசலில் நின்றார்.

குனிந்த தலைகள். மடியில் கைகள். கடல் சத்தம்கூட உள்ளே கேட்டது.

அவர் செருப்பைக் கழற்றினார். அவளைப் பார்த்து, குரலை இறக்கிக் கேட்டார்.

"செபமாம்மா?"

ஒரு தலையாட்டல் போதும். அறை அவர்களுடையது.

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். பீடத்தைப் பார்த்தாள்.

"நண்டு, அண்ணாச்சி."

வாஸ் எட்டிப் பார்க்க ஓர் அடி வைத்தார். சாவிகள் குலுங்கின.

"சாவிய ஆட்டாதிய தாத்தா." ஜெர்லின் திரும்பாமலே சொன்னாள். அவள் குரலில் ஏலம் இல்லை. "வெளிய வராது."

அவர் சாவிக்கொத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

மெல்ல மண்டியிட்டார். முட்டி சடக்கென்றது. எல்லாப் பிள்ளைகளும் அவரை முறைத்தார்கள். ஜெர்லின் மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

காத்திருந்தார்கள்.

ஒரு கண் வந்தது. பிறகு மற்றொன்று. நண்டு பாலைவனத்தைப் பக்கவாட்டில் கடக்கத் தொடங்கியது. மோசேயைத் தாண்டி, மக்களைத் தாண்டி. அதன் பின்னால் மணலில் பொடிப்பொடியாய் ஒரு வழி விழுந்துகொண்டே போனது.

வாஸின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

கதவுக்கு வெளியே யாரோ கேட்டார்கள்.

"அண்ணாச்சி, நாற்காலிய உள்ள கொண்டாரவா?"

அவர் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் கையை மட்டும் நீட்டி, விரல்களை விரித்துக் காட்டினார்.

வெளியே நாற்காலிகள் தரையில் இறங்கும் சத்தம்.

ஒவ்வொன்றாக.

மிக மெதுவாக.