மேனேஜர் சொன்ன சாட்சி

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு பல் டாக்டர் இருந்தார். அவர் கிளினிக்கில் ஒரே ஒரு உப்புத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியில் ஒரே ஒரு ஆரஞ்சு மீன். யார் உள்ளே வந்தாலும் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

அந்த மேனேஜரின் முகமே இப்போது மங்கலாகத்தான் தெரிந்தது. கண்ணாடி முழுக்கப் பாசி.

"போன செவ்வாய்தான் சுரண்டினீங்க. இன்னைக்குச் செவ்வாய். அதுக்குள்ள இப்படியா?" என்றார் டாக்டர்.

கேட்டது தொட்டி அக்காவை. ஊரில் பாதித் தொட்டிகளைச் சுத்தம் செய்கிறவர். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் தொட்டி அக்கா. கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, பிளேடைக் கண்ணாடியோடு படுக்க வைத்து, மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டிருந்தார். பச்சைப் புள்ளிகள் கல் மாதிரி ஒட்டியிருந்தன. மணல் பக்கம் வந்ததும் பிளேடை வைத்துவிட்டு ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டை எடுத்தார். பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு மணல் சிக்கினால் போதும், கண்ணாடிக்கு ஆயுசுக்கும் கீறல்.

டாக்டர் விடவில்லை. மூன்று மாதமாக இதே கதை, வேலையில் மனசே இல்லை, அடுத்த வாரத்திலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"ஒருத்தருக்குப் பல்லைச் சுத்தம் பண்ணி அனுப்பி, ஒரே வாரத்துல மறுபடி காரை பிடிச்சா, என்னைத்தானே கேப்பாங்க?"

அக்கா கையை வெளியே எடுத்தார். "நீங்க அவங்களை என்ன கேப்பீங்க டாக்டர்?"

"நடுவுல நடுவுல என்ன தின்னீங்கன்னு கேப்பேன்." பழக்க தோஷம், பதில் தானாக வந்துவிட்டது.

"அதைத்தான் நான் மேனேஜரைக் கேக்கணும்."

தின்று மிஞ்சியது தண்ணீரில் கரைந்தால் பாசிக்கு விருந்து என்று அக்கா விளக்கினார். காலை பத்து மணிக்கு ரிசப்ஷன் பெண் போடுகிற ஒரு சின்ன ஸ்பூன்தான் மீனுக்குக் கணக்கு. அதற்கு மேல் யாரோ போடுகிறார்கள்.

டாக்டர் ரிசப்ஷன் பெண்ணைப் பார்த்தார். அவள் வாட்ச்மேனைப் பார்த்தாள். வாட்ச்மேன் மின்விசிறியைப் பார்த்தார்.

"போடுற ஆளை மீனுக்குத் தெரியும். ஒவ்வொருத்தரா முன்னாடி வந்து நில்லுங்க," என்றார் அக்கா.

கன்னம் வீங்கிக் காத்திருந்த ஒரு பேஷண்ட், வலியை மறந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் ரிசப்ஷன் பெண். மேனேஜர் ஓடி வந்து வாலை ஆட்டியது. உள்ளே மெஷின் சத்தம் கேட்டுக் குழந்தைகள் அழுதால், கையில் ஒரு சிட்டிகை கொடுத்துப் போடச் சொல்வாளாம். அழுகை அப்படியே நின்றுவிடுமாம்.

அடுத்து வாட்ச்மேன். மேனேஜர் இரண்டு சுற்று சுற்றியது.

"கதவைத் திறந்ததும் முதல்ல என்னைத்தான் சார் பாக்குது. வாயை வாயைத் திறக்குது. எப்படி சும்மா போறது?"

"வாயைத் திறந்தா பசின்னு அர்த்தமா? என் நாற்காலியில நாள் பூரா வாயைத் திறந்துக்கிட்டுதான் படுத்திருக்காங்க. நான் என்ன சோறா ஊட்டுறேன்?"

வீங்கின கன்னக்காரர் சிரித்துவிட்டு, ஐயோ என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமே போடாத ஆளைப் பாத்தா மீன் எப்படி இருக்கும்னு இப்பப் பாருங்க," என்று டாக்டர் வெள்ளைக் கோட்டோடு தொட்டி முன்னால் போய்க் குனிந்தார்.

மேனேஜர் அடியிலிருந்து ராக்கெட் மாதிரி கிளம்பியது. தண்ணீரை விட்டே ஒரு துள்ளு. டாக்டரின் மூக்குக் கண்ணாடி முழுக்க உப்புத் தண்ணீர்.

துடைப்பதற்காக டாக்டர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே நாலு சிவப்பு உருண்டைகள் விழுந்து தரையில் ஓடின. மீன் தீனி.

வாட்ச்மேன் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"ஒவ்வொரு பல்லைப் பிடுங்கின பிறகும் அந்த மனுஷங்க என்னைப் பாக்குற பார்வை இருக்கே," என்றார் டாக்டர், குரல் இறங்கி. "வெளியே வந்தா இது ஒண்ணுதான் என்னைப் பாத்துச் சந்தோஷப்படுது."

ரிசப்ஷன் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை. வாட்ச்மேனும் சேர்ந்துகொண்டார். கடைசியில் டாக்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அக்கா மட்டும் பாக்கி," என்றார் வாட்ச்மேன்.

அக்கா பிளேடும் கையுமாக வந்து நின்றார். மேனேஜர் சட்டென்று பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்தது. வால் நுனிகூடத் தெரியவில்லை.

"அஞ்சு வருஷமா ஒரு துளி போட்டதில்ல. நீங்க ஒருத்தர்தான் அக்கா சுத்தம்," என்றாள் ரிசப்ஷன் பெண்.

டாக்டர் மன்னிப்புக் கேட்டார். தொட்டி இருக்கிறவரை நீங்கள்தான் என்றார். ரிசப்ஷன் மேஜையில் இருந்தது, வாட்ச்மேன் பையில் இருந்தது, தன் அலமாரியில் இருந்தது என்று மூன்று தீனி டப்பாக்களைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார். இனி பத்து மணி ஸ்பூன் மட்டும்தான், அதற்கு வாரக் கணக்கை அளந்து வைத்துவிட்டு மீதியையெல்லாம் எங்கள் கண்ணில் படாமல் கொண்டுபோய்விடுங்கள் என்று சொல்லிவிட்டு, வீங்கின கன்னத்தை உள்ளே அழைத்துப் போனார். மற்ற இருவரும் சாப்பிடப் போனார்கள்.

அக்கா கடைசி மூலையையும் தேய்த்து முடித்தார். கண்ணாடி இருக்கிற இடமே தெரியவில்லை. பிளேடைத் துடைத்துப் பைக்குள் வைத்ததும் பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆரஞ்சு மூக்கு எட்டிப் பார்த்தது.

"ஊருக்கெல்லாம் வாலை ஆட்டுறே. உன் வீட்டைத் துடைக்கிறவளைப் பாத்தா மட்டும் ஒளியுறே, இல்ல?"

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஒரு டப்பாவைத் திறந்தார். ஒரு சிட்டிகை. மேனேஜர் மெதுவாக வந்தது. தின்றது. அக்காவுக்கு நேராக நின்று வாலை ஆட்டியது.

இன்னொரு சிட்டிகை.

"அடுத்த செவ்வாய் நானே வந்து சுரண்டிக்கிறேன்," என்று மேனேஜரிடம் மட்டும் சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார் தொட்டி அக்கா.