ஆமைக்கு மைக் ரிப்பேர்

“ஆமை செத்துட்டான்! மூணாவது தடவை!”

ஹெட்போனில் சிரிப்பு வெடித்தது. ஆமை சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த உயிருக்குக் காத்திருந்தார்.

கழுத்தில் இஞ்ச் டேப். பாதி தைத்த சட்டை மெஷின் ஊசிக்கடியிலேயே கிடந்தது. மாலை ஆறு மணியானால் தையற்காரருக்கு வேலை ஓடாது. மகனின் போனை எடுத்துவிடுவார்.

மகன் பைக்கோடு லாரிக்கடியில் போய் நாலு மாதம். விளையாட்டில் அவன் பெயர் ஆமை. கூட ஆடும் குண்டூசியும் சிட்டுவும் வேறு வேறு ஊர், முகம் பார்த்துக்கொண்டதே இல்லை.

எல்லாம் முடிந்த வாரத்தில் போன் கூப்பிட்டது. ‘ஆமை, எங்கடா போன?’

அவன் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தார். விரல் வேறு எழுதிவிட்டது. ‘மைக் ரிப்பேர். வருகிறேன்.’

சொல்லிவிட்டால், ‘டேய் ஆமை’ என்று அவனைக் கூப்பிட இனி யார் இருக்கிறார்கள்?

முன்பு மகன் கடையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் ஆடுவான். இந்த இரண்டும் பேசுகிற கெட்ட வார்த்தைக்குக் கத்திரிக்கோலை டங்கென்று வைத்து அதட்டுவார். இப்போது ஒன்றுகூடக் காதில் விழுவதில்லை. பிள்ளைகள் திருந்திவிட்டன, பார்க்க அவன்தான் இல்லை.

“டேய் ஆமை, ஞாயித்துக்கிழமை உன் ஊருக்கு வர்றோம்” என்றாள் சிட்டு.

“உங்கப்பா கடைக்குத்தான்டா” என்றான் குண்டூசி. “ஆளுக்கொரு சட்டை தச்சுத் தரச் சொல்றேன்னு அளந்து விட்டியே! அளவெடுக்க வேணாமா?”

தையற்காரர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். வந்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் நாளை ஆறு மணிக்கு இந்தப் போன் கூப்பிடாது.

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். ‘வராதீர்கள். ஞாயிறு நான் ஊரில் இருக்க மாட்டேன்.’

திரையில் சிட்டுவின் பொம்மையும் குண்டூசியின் பொம்மையும் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு, ஆமையின் இரு பக்கமும் வந்து நின்றன.

சிட்டு மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

குண்டூசி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“நீங்க இருப்பீங்கல்ல, அப்பா?”