ஒன்பது எழுத்து வியாதி

"மொதல் வரியிலேயே போட்டுடு தாட்சாயி! 'நீங்க சொன்ன வியாதி எனக்கு இல்லவே இல்ல'ன்னு!"

மாமியார் பச்சையம்மாள் ஃபேனுக்கு நேர் கீழே, வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டாள். அடுப்படி வாசலில் கணவன் அருள்குமார் சம்மணம் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கொழுந்தன் தேவேந்திரன் வேலைக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், ஷூவைக் கழற்றாமல் நிலைப்படியில். கூடத்துச் சுவரோரம், முதுகுக்கு இரண்டு தலையணையும் மடியில் பரீட்சை அட்டையுமாக தாட்சாயணி.

"'மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு'ன்னு ஆரம்பிக்கிறேன் அத்தை. சண்டையை அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்."

ஆந்திராவின் நகரியில் அந்த வீட்டில் எல்லாருக்கும் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு. தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் தாட்சாயணி ஒருத்திதான். திருப்பதி டாக்டரோ வேலூர்க்காரர். "இங்க வந்தா பாதியை மறந்துடுறீங்க. தமிழ்லயே எழுதி அனுப்புங்கம்மா, படிச்சுட்டு பதில் போடுறேன்" என்று அவரே சொல்லியிருந்தார். அவள் இடது ஓரத்தில் தேதி, அதற்குக் கீழே ஊர், அதற்கும் கீழே நோயாளி எண் என்று ஒவ்வொன்றாக எழுதி, அடிக்கோடும் போட்டாள்.

"அண்ணி, சுந்தராம்பாள் அக்கா சங்கதிய எழுது" என்றான் தேவேந்திரன். "வடமாலபேட்டையில கீதே, அதான். அதுக்கும் ஒடம்பு பூரா இதே வலி. இதே பேரைத்தான் சொன்னாங்களாம். கடைசியில பார்த்தா தைராய்டு தாறுமாறா ஏறிக்கினு கீது. மாத்திரைய கூட்டினாங்க. ரெண்டே மாசம்! இப்ப திருமலைக்கு நடந்தே ஏறுது."

"பாத்தியா!" பச்சையம்மாள் தொடையில் தட்டினாள். "வெறும் தைராய்டுன்னு டாக்டரு எழுதிக் கொடுக்கட்டும், திங்கக்கெழமையே இவ தறிக்கு வந்துடலாம். எட்டு மாசமா ரெண்டு தறியையும் நானே ஓட்டிக்கினு கீறேன். எனக்கே அந்த ஃபைப்பு வந்துடும் போல."

"ஃபைப்ரோமயால்ஜியா மா" என்று திருத்தினான் அருள்குமார், வெங்காயக் கண்ணீரைத் தோளில் துடைத்தபடி. அந்தப் பேரைத் தடுமாறாமல் சொல்ல அவனுக்கு ஒரு வாரம் பிடித்திருந்தது. இப்போது டீக்கடையில் யார் கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்வான்.

எட்டு மாதத்துக்கு முன்பு அந்த டாக்டர் அவளுடைய கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று அழுத்திப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் அவள் "அம்மா!" என்று அலறினாள். சீட்டில் அந்தப் பேரை எழுதிவிட்டு, "பாரமான வேலை கூடாது" என்று அருள்குமாரிடம் சொன்னார். அன்று திரும்பி வரும்போது, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தான்.

"தைராய்டுன்னாலும் அசதிதான் அத்தை" என்றாள் தாட்சாயணி, தலை நிமிராமல். "கை கால் இழுக்குது. எழுந்து நின்னா உடம்பு கல்லாட்டம் கனக்குது."

"அடி போடி! தைராய்டு எல்லாம் ஒரு வியாதியா? இந்தத் தெருவுல வூட்டுக்கு ஒருத்திக்கு கீது. ஒனக்கும்தான் ஆறு வருஷமா கீது. விடியகாலம் மாத்திரைய முழுங்கிட்டு நீ தறியில நிக்கல? சோறு ஆக்கல? தண்ணி தூக்கல?"

"நின்னேன் அத்தை. ஆக்கினேன். தூக்கினேன்."

"அவ்ளோதான்! இதையும் எழுது."

"எழுதிக்கினே கீறேன்."

அருள்குமார் தன் பங்குக்கு, "மறுபடி டெஸ்ட் எடுத்துப் பாக்கணும், வியாதி வேறன்னா பேரை மாத்தி சீட்டுல எழுதிக் கொடுக்கணும்னு போடு. பணிவாப் போடு, பெரிய டாக்டர்" என்றான். சொல்லிவிட்டு, "வலி இன்னும் இருக்குதா?" என்று மெல்லக் கேட்டான்.

"இருக்குது."

"சரி, சாம்பார்ல புளி எவ்ளோ போடணும்?"

"எலுமிச்சங்கா அளவு."

அவள் பேனாவை மூடினாள். "எங்க, படிச்சுக் காட்டு" என்றாள் பச்சையம்மாள்.

தாட்சாயணி தாளை முகத்துக்கு நேரே பிடித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் படித்தாள். டாக்டர் சொன்ன வியாதி இல்லை என்பது, சுந்தராம்பாளின் வலி, அவள் மலையேறியது, தறி, சோறு, தண்ணீர், மறு டெஸ்ட், பேர் மாற்றம் எல்லாம் சொன்ன வரிசையிலேயே வந்தன. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டதா என்று தேவேந்திரனுக்கே ஆச்சரியம்.

"என் பேரைப் போட்டியா?" என்றாள் பச்சையம்மாள்.

"அதுதான் அத்தை மொதல்ல போட்டேன்."

மாமியாரின் முகம் மலர்ந்தது. தாட்சாயணி தாளை நான்காக மடித்து உறையில் போட்டு, விளிம்பை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, ஸ்டாம்பையும் ஒட்டிக் கொழுந்தனிடம் நீட்டினாள். அவன் அதைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு ஓடினான். பஸ் ஸ்டாண்டு தபால் பெட்டியில் அது விழுந்தபோது, அதற்குள் இருந்தது ஐந்தாறு வரிதான்:

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, என் மாமியார் பச்சையம்மாள் சொல்வதுதான் சரி. எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா இல்லை. போன மாதம் யாருக்கும் தெரியாமல் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். நாலுக்குள் இருக்க வேண்டிய தைராய்டு கணக்கு நாற்பதில் நிற்கிறது. தயவுசெய்து மாத்திரையை மாற்றுங்கள், ஆனால் வியாதியின் பேரை மட்டும் மாற்றிவிடாதீர்கள் ஐயா; தைராய்டுக்கு இந்த வீட்டில் யாரும் தலையணை கொடுப்பதில்லை."