கனகலட்சுமி எழுதிய தேர்

தேர்ச்சக்கரம் கார்ச்சக்கரம் மாதிரித் திரும்பாது. அதனால் ரெடிமேட் கேம் என்ஜின் எதையும் தொடாமல், ஒவ்வொரு வரியாகக் கனகலட்சுமியே எழுதிய வீடியோ கேம் அது. ஊர்த்தேரைச் சக்கரத்தடியில் கட்டை போட்டுத் திருப்புகிற தங்கப்பாண்டியன் மாமாவின் போனில் போன வாரம் ஏற்றிக் கொடுத்தாள்.

“பொம்பளப் புள்ள கட்டையத் தொடக் கூடாதுன்னதுக்குப் பொம்மைத் தேரா?” என்று சிரித்தார்.

“பொம்மைதான். மொதல்ல அதத் திருப்பிக் காட்டுங்க.”

இன்று சாயங்காலம் ராஜபாளையத்தில் இருந்தவளை அவரே போனில் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

“ஏட்டி, மூணாவது முனையில தேரு சுவத்துல இடிக்கப் பாக்கு.”

“தோத்துட்டீங்களா மாமா?”

“வாயடிக்காம வழியச் சொல்லு.”

“வலது முன்சக்கரத்துக்குக் கட்டையச் சாய்ச்சுப் போடுங்க. பின்சக்கரத்துல கையே வைக்காதிய.”

பிறகு போனுக்குள் கொட்டுமேளமும் ஆயிரம் பேரின் “கோவிந்தா!”வும் வெடித்தன.

கனகலட்சுமி எழுந்து நின்றுவிட்டாள். காலையில் வடம் பிடித்த தேர் இந்நேரம் நிலைக்கு வந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். அவளுடைய கேமில் சத்தம் இன்னும் எழுதவே இல்லை.

“மாமா, நாலாவது முனையில நிறுத்தி வைங்க. கட்டை போட நான் வாரேன்.”