ஜாபர் பார்த்த அமெரிக்கா

"அமெரிக்காவுல உனக்கு யாரு கீறா அத்தா? உண்மைய சொல்லிடு."

நவ்ரீன் இப்படிக் கேட்டதும் ஜாபர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜானட் மேடத்துக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது.

ராயபுரத்துச் சந்துகளில் வீடு தேடி அவர் வந்தது குடும்பச் சண்டை பார்க்க அல்ல. கல்லூரியில் அவர் நடத்தும் 'அமெரிக்காவும் உலகமும்' பாடத்தில் நவ்ரீன்தான் முதல். அந்த நாட்டுக் கல்லூரி ஒன்று ஆறு மாதம் அங்கேயே வந்து படிக்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தது. செலவெல்லாம் அவர்களுடையது. நாளைக்குள் அப்பா சம்மதிக்காவிட்டால் அந்த இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

அப்பாவோ பிடித்த பிடியை விடுவதாக இல்லை.

"நீங்களே எத்தனையோ தடவை போய் வந்தவர் சார். பயப்பட என்ன இருக்கு?" என்றார் மேடம்.

"போனதாலதான் சொல்றேன் மேடம். வாணாம், வுட்டுருங்க."

நவ்ரீனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சரக்குக் கப்பலில் பாதி வாழ்க்கையைக் கழித்த மனிதர். 'அமெரிக்கா ஜாபர்' என்றால்தான் தெருவில் ஆள் தெரியும். அந்த ஊர்ப் பாலத்தையும் விளக்கு வெளிச்சத்தையும் பற்றி மணிக்கணக்கில் அளப்பார். ஒரு கடை, ஒரு தெரு, ஓர் ஆள் பெயர் கேட்டால் மட்டும் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும்.

எடுத்த படங்களும் அப்படித்தான். எல்லாவற்றிலும் கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஊருக்குள் எடுத்த படம் ஒன்றையாவது கண்ணில் காட்டியதுண்டா? அங்கே ஒரு குடும்பமே வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை என்று நினைத்தாள்.

"மேடம் முன்னாடி இன்னாடி பேச்சு இது?" என்று அம்மா சைமா அதட்டினாள். ஆனால் அவள் கண்ணும் புருஷன் மேல்தான் இருந்தது. அந்தச் சந்தேகம் அவளுக்கும் பழசு.

"நான் அங்க போனா உன் வண்டவாளம் வெளிய வந்துரும். அதுக்குத்தான என் படிப்புல மண்ண அள்ளிப் போடுற?" நவ்ரீன் அழுதேவிட்டாள்.

ஜாபர் மகளை விட்டுவிட்டு மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"பாஸ்போர்ட்டுல இவ பேரோட என் பேரும் வருமா மேடம்?"

"வரும் சார். நவ்ரீன் ஜாபர்னு இருக்கும்."

"வேற பேரு போட முடியாதா?"

"அது எப்படி சார் முடியும்? அப்பா பேர் அப்பா பேர்தானே?"

"பார்த்தியாம்மா?" என்று நவ்ரீன் கத்தினாள். "நான் இவரு பொண்ணுன்னு அங்க யாருக்கும் தெரியக்கூடாதாம்! யாருக்குத் தெரியக்கூடாது அத்தா? சொல்லு!"

சைமா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஜானட் மேடம் எழுந்து போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் தவித்தார்.

ஜாபர் மகளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"என் பேரப் பாத்துட்டு, ஒரு தபாகூட என்னிய கப்பல வுட்டு எறங்க வுடலம்மா."