குளத்துக்கு அனுமதி

அலபாமா வெயிலில் வியர்த்திருந்த வெஸ்லி, பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். இளம்பெண் ஒருத்தி திறந்தாள்.

"உங்க குளத்துல பாஸ் மீன் பிடிச்சுக்கலாமா மேடம்?"

"புழு கோத்துப் பிடிப்பீங்களா?"

"இறகால கட்டின பொய்ப்பூச்சி மட்டும்தான். பிடிச்சதைத் தண்ணியிலேயே விட்டுடுவேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. அப்புறம் ஐஸ் பெட்டியை ரெண்டு பேரா தூக்கிட்டுப் போறாங்க!"

"என்கிட்ட பெட்டியே இல்லையே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "சரி. அஞ்சு மணிக்குள்ள கிளம்பிடணும்."

உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டியது. "யாருடி அது, டார்லா?"

"யாரோ வெளியூர்க்காரர்மா. மீன் பிடிக்கலாமான்னு கேக்கறார்!"

கதவைப் பாதி சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க வெட்டின குளம்தான், அப்பா. ஆனா அடுத்த வாரம் வராதீங்க. அம்மாகிட்ட நான் எத்தனை தடவைதான் பொய் சொல்றது?"